கிரனாடா உடன்படிக்கை

ஸ்பானிய நாட்டின் இடைக்கால வரலாற்றைச் சிலுவைக்கும் பிறைக்கும் இடையே நிகழ்ந்த ஓயாத சமயப் போராகச் சித்திரிப்போர் பலர். நாம் அக்கூற்றை ஏற்பதற்கில்லை. 1248ஆம் ஆண்டில் கஸ்தீல் மன்னன் மூன்றாம் பேர்டினந்து, முஸ்லிம்களின் செவில் நகரைக் கைப்பற்றியபோது, அவனுக்குப் படை அனுப்பி உதவியவன் யார்? கிரனாடாவின் முஸ்லிம் அரசனான முதலாம் முகம்மதுவே! தன் முடியைக் காப்பதற்காகத் தன் மதத்தவரின் நகரை வீழ்த்தத் துணைநின்றான். அவன் வழிவந்தோர் கிறிஸ்தவ மன்னர்க்குத் திறை செலுத்தியும், இடையிடையே போர் புரிந்தும் மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆண்டனர். 1482இல் இறுதிப் போர் மூண்ட பின்னரும் அவ்வரச குடும்பத்தில் தந்தையும் மகனும் பொருதனர். பின்னர் அம்மகனும் சிறிய தந்தையும் பொருதனர்.

எனினும், கிரனாடா மக்களின் கேடு போர்க்களத்தோடு முடியவில்லை என்பதே நாம் கூறவந்தது. 1491 நவம்பரில் பேர்டினந்து மன்னரும் இசபெல்லா அரசியாரும் அந்நகரத்தாருடன் உடன்படிக்கை செய்தனர். பள்ளிவாசல்கள் நிலைக்கும், முஸ்லிம்களை அவர்தம் நீதிபதிகளே தங்கள் சட்டப்படி விசாரிப்பர், வீடும் நிலமும் உரியவர்க்கே, எவரும் மதம் மாறும்படி வற்புறுத்தப்படார். இவை யாவும் என்றென்றைக்கும் செல்லும் என்று எழுதப்பட்டது. இதற்குமேல் எழுத்தில் எதனைக் கேட்டிருக்க முடியும்? 1492 ஜனவரி 2ஆம் நாள் மன்னன் அபூ அப்துல்லாஹ் நகரைக் கையளித்தான்.

அதிமேற்றிராணியார் தலவேரா, தம் குருமார் அரபு மொழி கற்கவேண்டுமென்று விரும்பியவர்; நயந்து போதிக்கும் வழியையே நாடினார். அவர் போக்கு மந்தமானது என்று கருதிய சிஸ்னெரோஸ் 1499இல் வந்தார். கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. அரபு நூல்கள் தீயிலிடப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. நோய்க்கு மதமில்லை என்பதை அவரும் அறிந்திருந்தார் போலும்! மக்கள் கிளர்ந்தெழுந்தனர். உடனே, கிளர்ந்தெழுந்தவர்கள் உடன்படிக்கையின் உரிமைகளை இழந்துவிட்டனர் என்று வாதிக்கப்பட்டது. முதலில் மீறியவர் யார் என்ற கேள்வியை அவ்வாதம் மூடிமறைத்தது.

1502இல் கஸ்தீல் முழுவதிலும் முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் அல்லது நாடுநீங்கல் என்ற நிலை வந்தது. மதம் மாறியவர்களின் சந்ததியாரையும் அரசு விடவில்லை. 1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னரின் கட்டளை, அவர்களுடைய அரபுப் பேச்சையும் உடையையும் தடைசெய்து, கஸ்தீல் மொழியைக் கற்க மூன்றாண்டு தவணை கொடுத்தது. மறு ஆண்டு மலைநாட்டில் மீண்டும் கிளர்ச்சி மூண்டது. 1571இல் அது நசுக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர்.

வலென்சியாவின் குடிகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் இவ்வாறு போயினர். வாய்க்கால் நீர் பாய்ச்சிப் பயிர் செய்வதில் கைதேர்ந்த உழவர்கள் அவர்களிற் பலர். கிராமங்கள் வெறிச்சோடின. அங்குள்ள கிறிஸ்தவ நிலப்பிரபுக்கள் குடியானவர்களையும் குத்தகையையும் ஒருங்கே இழந்து, கடனில் மூழ்கினர்.