‘லேட்டாப் பேசுவான்’ என்று காத்திருக்க நேரமில்லை

பேச்சு வராத பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு.’ பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ஆனால், காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு இந்தக் காத்திருப்பு பெரும் இழப்பில் முடிகிறது. பேச்சு காது வழியாகத்தான் வருகிறது. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு தானாக வராது.

பிறந்த 1 மாதத்துக்குள் முதல் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் மூன்று ஆண்டுகள் என்பதால்தான் இத்தனை அவசரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பள்ளியில் சேர்த்த பிறகு ஆசிரியர் சொல்லித்தான் குறை தெரிகிறது என்றால், அந்த உரிமை கைநழுவும் நேரம் வந்துவிடுகிறது.

‘பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதாவது, தாயும் சேயும் அரசின் கண்முன்னே இருக்கிறார்கள். சில நிமிடங்களில் முடியும், வலியில்லாத ஓஏஇ பரிசோதனையைச் செய்யாமலேயே குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால், அறியாமை யாருடையது?

2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். திருவள்ளூர் மாவட்டத்தில் அதைவிடச் சற்று அதிகம். புதுவாயல், கவரைப்பேட்டை சுற்றுவட்டாரக் காலனிகளில் இருந்து சிப்காட்டுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் பெற்றோர், ஒருநாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போச்சு. ரயிலில் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றால் சென்னைக்குப் போய் வண்டி மாற வேண்டும். பரிசோதனைக்கு ஒருநாள், முடிவுக்கு ஒருநாள், வருமானச் சான்றுக்கு இன்னொரு நாள் என்று அலைந்தால் வாரக்கூலியே கரைந்துவிடும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் தங்கி வேலை செய்யும் இருளர் குடும்பங்களுக்கும், ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கும் நிலைமை இன்னும் மோசம். அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளில், அவர்களுடைய பிள்ளையின் பெயர் அங்கே பதிவேட்டிலேயே இருக்காது.

இதற்கு மேல் பழி வேறு. கிரகணத்தில் வெளியே போனாள், யார் சாபமோ என்று எல்லாம் தாயின் தலையில் விழுகிறது. உண்மைக் காரணங்கள் வேறு: மரபணுக் கோளாறு, கர்ப்பகாலத்தில் தாக்கும் ரூபெல்லா, குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. பரம்பரைக் காது கேளாமையின் வாய்ப்பை இது கூட்டுகிறது. மாமன் மகனுக்குக் கட்டிவைத்தது குடும்பத்தின் முடிவு. பழி மட்டும் ஏன் அவளுக்கு?

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை சில. பெரிய சத்தத்துக்குப் பச்சைக் குழந்தை திடுக்கிட வேண்டும். 6 மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும்; ஒன்றரை வயதில் ஒன்றிரண்டு சொல்லாவது வர வேண்டும். கதவைத் தட்டினால் திரும்புகிறான் என்பதை நம்பிவிடக் கூடாது. அதிர்வை உணர்ந்தும் திரும்புவான். சந்தேகம் வந்தால் பெரா பரிசோதனை கேளுங்கள். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருவி பொருத்தியதோடும் வேலை முடிவதில்லை. தொடர்ந்து பேச்சுப் பயிற்சி வேண்டும். பேட்டரிக்கும் பழுதுக்கும் பணம் வேண்டும். வாரந்தோறும் நகரத்துக்குப் போக முடியாமல் பயிற்சி நின்றுபோனால், கருவி இருந்தும் பேச்சு வளராது. கருவி பயன்படாத பிள்ளைக்குச் சைகை மொழி இருக்கிறது. அதுவும் முழுமையான மொழிதான். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. ‘ஊமை’ என்ற பட்டப்பெயரோடு சாதிப் பெயரையும் சுமக்கும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைக்கு, இந்தச் சட்டம் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த கிராம சபையில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக வைக்கலாம். கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவிப் பரிசோதனை செய்து, முடிவைத் தடுப்பூசி அட்டையில் எழுத வேண்டும். பேச்சுப் பயிற்சி கும்மிடிப்பூண்டியிலேயே கிடைக்க வேண்டும். பரிசோதனைக் குழு சூளைகளுக்கும் நேரில் போக வேண்டும். படிக்கும் பிள்ளைகள் இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தால், அதை வாசிக்கப் பெற்றோர் முன்வருவார்கள்.