பார்த்தால் கைவருமா பழுதுபார்க்கும் வேலை?

வீட்டில் வரும் எந்தப் பழுதையும், வண்டியில் வரும் எந்தக் கோளாறையும் யூடியூப் வீடியோ பார்த்தே சரிசெய்யக் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை மும்பையில் ஆழமாக வேரூன்றிவிட்டது. தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும், மாட்டுங்காவின் பழைய மாடிக் கட்டடத்திலும், செம்பூரின் சொசைட்டி ஃபிளாட்டிலும் ஒரே பேச்சுதான்: மிஸ்திரிக்கு 500 ரூபாய் தண்டம் அழுவானேன், 10 நிமிட வீடியோ போதாதா? போதாது. இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறானது. சில வேலைகளில் அது ஆளையே கொல்லும்.

வீடியோவால் பயனே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, ஃபிளஷ் டேங்கின் மிதவையைச் சரிசெய்வது, ஏசியின் வலையைக் கழுவி மாட்டுவது, காருக்கு வைப்பர் பிளேடும் ஏர் ஃபில்டரும் மாற்றுவது ஆகியவற்றை வீடியோ பார்த்துத் தாராளமாகச் செய்யலாம். தவறினால் தண்ணீர் சொட்டும். கழற்றி மறுபடி மாட்டினால் தீர்ந்தது. ஸ்பானரைத் தொடவே விடாமல் வளர்க்கப்பட்ட பெண்கள் பலர் இன்று தாங்களே ஸ்டெப்னி மாற்றுகிறார்கள் என்றால் அதில் வீடியோவுக்கும் பங்குண்டு. வாஷர் மாற்றத் தெரிந்ததும் வயரிங்கும் தெரிந்துவிட்டதாக நினைப்பதில்தான் கேடு தொடங்குகிறது.

இந்த நினைப்பு எப்படி உருவாகிறது என்பதை மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் காட்டினார்கள். மேஜை மேல் இருக்கும் பாத்திரங்கள் விழாமல் விரிப்பை மட்டும் உருவி எடுக்கும் வித்தையைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் வீடியோவில் காட்டினார்கள். அதிக முறை பார்த்தவர்கள் தங்களாலும் அதைச் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். டார்ட் எறியும் வீடியோவைப் பல முறை பார்த்தவர்கள் நிஜமாக எறிந்தபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட நன்றாக எறியவில்லை. வளர்ந்தது நம்பிக்கை மட்டுமே, திறமை இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு சோதனையில், தூக்கிப்போட்டுப் பிடிக்கும் கட்டைகளைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்க்கக் கொடுத்ததுமே அந்த நம்பிக்கை இறங்கிவிட்டது. எடையும் பிடிமானமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நட்டை இன்னும் எவ்வளவு முறுக்கலாம், எந்த இடத்தில் மரை கழன்றுவிடும் என்பது மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அதைத் திரை கற்றுத்தராது.

கைப்பழக்கத்தைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. பழுதுபார்ப்பதில் பாதிக்கு மேல் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை. சீலிங் ஃபேன் சுற்றவில்லை என்றால், தேர்ந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு முதலில் இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். இறுக்கமாக இருந்தால் பேரிங். தாராளமாகச் சுற்றி, மின்சாரம் கொடுத்ததும் உறுமிக்கொண்டே நின்றால் கெப்பாசிட்டர். உறுமலே இல்லையென்றால் மின்சாரம் வந்துசேரும் வழியில், ரெகுலேட்டரிலிருந்து வைண்டிங் வரை, எங்கோ அறுந்திருக்கிறது. கருகிய வாடை வந்தால் வைண்டிங் போய்விட்டது. கை, காது, மூக்கு மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எடுக்கும் முடிவு இது. வீடியோவோ அந்த முடிவுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது: 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றுவது எப்படி என்று காட்டுகிறது. பார்த்தவர் கெப்பாசிட்டரை மாற்றுகிறார், ஃபேன் அசையவில்லை, அடுத்த வீடியோவைத் தேடுகிறார். பழுது எதுவென்று முன்பே தெரிந்த, நல்ல வெளிச்சத்தில் துடைத்து வைத்த பொருளைப் பழுதுபார்க்கும் காட்சியே வீடியோ. துருப்பிடித்த ஸ்குரூவும், முன்னால் வந்தவர் ஒட்டுப்போட்டுவிட்டுப் போன வயரும் அதில் வருவதில்லை.

ஊருக்கு ஊர் நடைமுறை மாறுவது அடுத்த ஆபத்து. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். அங்கே கறுப்பு வயரில் மின்சாரம் ஓடும், வெள்ளைதான் நியூட்ரல். இந்தியாவில் 230 வோல்ட். கறுப்பு நியூட்ரல், ஃபேஸ் வயர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். ஐரோப்பாவில் நீலமே நியூட்ரல். ஐரோப்பிய வீடியோவைப் பார்த்து நீல வயரை நியூட்ரல் என்று நம்பித் தொடுபவர், மும்பையின் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள கட்டடத்தில் மின்சாரம் ஓடும் வயரைத் தொடக்கூடும். சரி, இந்திய வீடியோவாகவே இருக்கட்டும். அப்போதும் ஆபத்து நீங்கிவிடாது. மாட்டுங்காவில் 1930-களிலும் 40-களிலும் எழுந்த கட்டடங்கள் இன்னும் நிறைய உண்டு. அத்தனை பழைய வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பாய்ன்ட் இழுத்திருக்கும், கைக்குக் கிடைத்த நிறத்தில் வயர் போட்டிருக்கும். எர்த் துளையுள்ள பிளக் பாய்ன்டின் பின்னால் எர்த் வயரே இல்லாமலும் இருக்கலாம். அங்கே நிறத்தை நம்பக் கூடாது. டெஸ்டரும் மீட்டரும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கேஸ் அடுப்பிலும் இதே கதைதான். மும்பையில் பல வீடுகளுக்கு மகாநகர் கேஸ் நிறுவனத்தின் குழாய் எரிவாயு வருகிறது; தாராவியின் சந்துகளில் பெரும்பாலும் சிலிண்டர். சிலிண்டர் வாயு அடுப்புக்கு ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது, குழாய் வாயு 21 மில்லிபாரில். குழாய் வாயுவில் ஒரே கன அளவுக்கு வெப்பமும் குறைவு. ஆகவே குழாய் வாயுவுக்கான ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். தீ மந்தமாக எரிந்தால் ஜெட்டை ஊசியால் பெரிதாக்கும்படி சொல்லும் வீடியோவைப் பார்த்து, சிலிண்டர் அடுப்பில் அப்படிச் செய்தால் வாயு அளவுக்கு மீறி வரும். தீ மஞ்சளாகி, பாத்திரம் கரிபிடித்து, காற்றோட்டமில்லாத அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கசிவிலும் இரண்டும் வேறு: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும்; குழாய் வாயு இலேசானது, கூரைக்கு ஏறும்.

வண்டி விஷயத்துக்கு மும்பையின் மழைக்காலமே போதுமான சான்று. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நீரில் மூழ்கிய கார்களுக்குள் கதவும் கண்ணாடியும் திறக்காமல் மாட்டிக்கொண்டு இறந்தவர்களும் உண்டு. அவ்வளவு பெய்யாத ஆண்டுகளிலும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் தண்ணீர் தேங்குகிறது, வண்டிகள் நின்றுபோகின்றன. நின்ற வண்டியின் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. நீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் நீரில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜினையே இறக்கி வேலை பார்க்க வேண்டிவரும். அணைந்த இன்ஜினை நீரில் மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் ஏற்பதும் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றி நீரைப் பீய்ச்சி வெளியேற்றும் வீடியோக்கள் உண்டு. பழைய பெட்ரோல் வண்டிக்கு அது பொருந்தலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

டீசலில் இன்னொரு கொடிய பொறியும் இருக்கிறது. பழைய இன்ஜின்களில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவது மெக்கானிக்குகளின் வழக்கம். இன்றைய காமன் ரயில் இன்ஜினில் அந்தக் குழாய்க்குள் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கு மேலும் போகும். நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். பழைய வீடியோவைப் பார்த்துப் புதிய வண்டியில் கைவைப்பவருக்கு இந்த வேறுபாட்டை யார் சொல்வார்கள்? டாக்சியிலும் ஆட்டோவிலும் ஓடும் சிஎன்ஜியும் இப்படித்தான். 200 பார் அழுத்தத்தில் வாயு அடைத்த சிலிண்டரை 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கும்போது, அதன் குழாய் இணைப்பை வீடியோ பார்த்து இறுக்குவது மன்னிக்க முடியாத துணிச்சல்.

என் வீடு, என் வண்டி, என் விருப்பம் என்ற வாதம் நெருங்கி வாழும் ஊரில் எடுபடாது. 2024 அக்டோபர் 6 அதிகாலையில் செம்பூர் சித்தார்த் காலனியில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து ஒரே குடும்பத்தில் குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். தீ கீழ்த்தளத்தின் மின் கம்பிகளிலும் மின் சாதனங்களிலும் பற்றியதாக அன்றைய செய்திகள் கூறின. வீடியோ பார்த்துச் செய்த வேலையால் அது நடந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒருவரின் வயரிங் பிழை எத்தனை பேரின் உயிரைத் தொடும் என்பதை அது காட்டியது. 2017 ஜூலை 25-ல் காட்கோபரில் சாய் சித்தி கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தபோது, தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலை தூண்களைப் பாதித்தது என்பதே குற்றச்சாட்டு. சுவரை வெட்டிக் குழாய் பதிக்கும் வீடியோவில் எது வெறும் சுவர், எது பாரம் தாங்கும் பகுதி என்று யாரும் தட்டிப் பார்த்துச் சொல்வதில்லை.

எதை நாமே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கோட்டைச் சட்டம் முன்பே தெளிவாக வரைந்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனம் ஆகியவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றலாம். அதற்கு மேற்பட்ட எந்த வயரிங் வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். புதிதாக ஒரு கீசர் பாய்ன்ட் இழுப்பது இந்தக் கோட்டுக்கு அப்பால் வருகிறது.

ஆபத்தான வீடியோ என்றால் தளமே நீக்கிவிடும் என்று நம்பி இருக்கவும் வழியில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி அந்த உயர் மின்னழுத்தத்தால் மரப்பலகையில் கோலம் எரிக்கும் கைவினை வீடியோக்கள் பரவியதில் உலகில் 30 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதைக் குறித்து எச்சரித்து ஆஸ்திரேலிய யூடியூபர் ஆன் ரியர்டன் வெளியிட்ட வீடியோவை 2022-ல் யூடியூப் நீக்கியது. எதிர்ப்பு எழுந்த பின்னரே திரும்ப ஏற்றியது.

மிஸ்திரிகள் ஏமாற்றுகிறார்கள், அதனால்தான் வீடியோ என்பது வலுவான மறுப்பு. ஏமாற்றுபவர்கள் இருக்கவே செய்கிறார்கள். கையில் காசில்லாத குடும்பத்துக்கு 500 ரூபாய் சிறிய தொகையும் அல்ல. அதற்கு மருந்து, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது, பில் கேட்பது, இன்னொரு கேரேஜிலும் விசாரிப்பது. அந்த அளவுக்கு விவரம் தெரிந்துகொள்ள வீடியோ நன்றாக உதவும். நிறுவனங்கள் சர்வீஸ் கையேட்டையும் உதிரிபாகத்தையும் பூட்டி வைத்திருப்பதும் உண்மையான அநியாயம். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது அந்தக் குறைக்காகத்தான். அந்த உரிமை மக்களுக்கு முழுமையாகக் கிடைத்தே தீர வேண்டும். ஆனால் உரிமை வந்தால் திறமையும் கூடவே வந்துவிடும் என்று நினைக்க இடமில்லை.

மெக்கானிக்குகளே வீடியோ பார்த்துத்தானே கற்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. பார்க்கிறார்கள், உண்மை. உஸ்தாத்திடம் ஆண்டுக்கணக்கில் ஸ்பானர் எடுத்துக்கொடுத்துப் பழகிய பையன், புதிதாக வந்த மாடலில் எந்த கிளிப் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று பிரிக்கும் அறிவு அவனிடம் முன்பே இருக்கிறது. முதல் முறை பார்ப்பவரிடம் இல்லாதது அதுதான்.

உண்மையாகவே கற்க விரும்புபவர்களுக்கு வழி இருக்கிறது. ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படிப்பும் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பும் 2 ஆண்டுகள். 1961-ன் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி தொழிற்கூடங்களில் உதவித்தொகையுடன் பயிற்சியும் பெறலாம். எலக்ட்ரீஷியன் படிப்பில் மாணவர் வயரின் தோலுரித்து விதவிதமாக ஜாயின்ட் போட்டு, ஆசிரியர் இழுத்துப் பார்த்துத் தள்ளிவிட்டதை மறுபடி போட்டுப் பழகுகிறார். எர்த்தை அளக்கிறார். மெகர் கருவியை வைத்து, வயரின் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்கக் கற்கிறார். மாட்டுங்காவின் 80 வயதுக் கட்டடத்தில் புதிய சுவிட்ச் போர்டு மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலையும் அந்த அளவீடுதான்.