முதல் வண்டி பிழை பொறுக்க வேண்டும்!

பிளஸ்-2 முடிவு வந்தால் போதும். வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு தொடங்கி விடுகிறது.

"காலேஜ் போகணும். பைக் வாங்கித் தா!"

வழக்குப் போடுகிறவன் மகன். அவனுக்கு வக்கீல் அம்மா. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அப்பா. பக்கத்துத் தெருப் பையன்தான் சாட்சி. அவன்தான் ஏற்கெனவே பைக் வைத்திருக்கிறானே!

முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் யாரோடும் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் "எனக்குச் சோறு வேண்டாம்" என்கிறான். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நாலாம் நாள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு விடுகிறார்.

வண்டியே வாங்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை.

பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவதும் ஆபத்துதான். வீடு ராயபுரத்தில், காலேஜ் தாம்பரம் தாண்டி என்றால் பையன் என்ன செய்வான்? சாயங்காலம் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்து, அந்தப் பணத்தில் பீஸ் கட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

நம் கேள்வி வேறு. முதல் வண்டி எந்த வண்டி?

இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. பையன் படத்தைக் காட்டுகிறான். அப்பா மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார். பேரம் முடிந்தது!

கணக்கைப் பாருங்கள்

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய அரசின் கணக்கு.

அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள்.

ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்து 29 பேர்.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் சாலையில் செத்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். ஒரு நாளைக்குச் சராசரி 49 பேர். 49 வீடுகளில் ஒப்பாரி!

காரில் போகிறவனைச் சுற்றி இரும்பு இருக்கிறது. பைக்கில் போகிறவனைச் சுற்றி இருப்பது அவன் சட்டை மட்டும்தான்.

8-க்கும் 25-க்கும் உள்ள தூரம்

ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டியின் சக்தி சுமார் 8 குதிரைத்திறன். எடை சுமார் 112 கிலோ. 125 சிசி வண்டி என்றால் 11 குதிரைத்திறன் அளவில் இருக்கும்.

பையன்கள் படம் பிடித்து வைத்துக்கொண்டு திரியும் டியூக் 200 போன்ற வண்டி சுமார் 25 குதிரைத்திறன். மூன்று மடங்கு!

"புல்லட்" வகை 350 சிசி வண்டிகளில் வேறு சங்கடம். சக்தி அவ்வளவு இல்லை. ஆனால் எடை 195 கிலோ அளவில் இருக்கிறது. 55 கிலோ பையன் அதைச் சாய்த்து விட்டால், தூக்கி நிறுத்த நாலு பேரைக் கூப்பிட வேண்டும்.

"வேகம் வண்டியிலா இருக்கு? கையிலதானே இருக்கு! நான் மெதுவா ஓட்டுறேன்" என்பான் பையன்.

பொய் சொல்லவில்லை. மெதுவாக ஓட்ட வேண்டும் என்றுதான் அவனும் நினைக்கிறான். ஆனால் புதிதாகப் பழகுகிறவன் கை அவன் பேச்சைக் கேட்காது.

பயந்தால் கை இறுகும். வண்டி குலுங்கினால் உடம்பு பின்னால் போகும். அப்போது ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கும் கை தானாக முறுக்கும். கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி பாயும்.

8 குதிரைத்திறன் வண்டியில் இந்தத் தவறு நடந்தால் ஒரு குலுக்கல். வண்டி நின்று போகும். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான்.

25 குதிரைத்திறன் வண்டியில் அதே தவறு நடந்தால், முன்னால் நிற்கும் லாரிக்கு அடியில் போய்த்தான் நிற்கும்.

தவறு ஒன்றுதான். தண்டனைதான் வேறு.

பழகும்போது தவறு செய்யாதவன் உலகத்தில் கிடையாது. சைக்கிள் பழகும்போது முட்டியைச் சிராய்த்துக் கொள்ளாதவர் யார்? ஆகவே முதல் வண்டி, பழகுகிறவன் பிழையைப் பொறுத்துக் கொள்கிற வண்டியாக இருக்க வேண்டும். நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கியர் வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது ஆக வேண்டும்.

16 வயதில் லைசென்ஸ் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு. ஊரில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகூட இப்போது 100 சிசி கணக்கில்தான் வருகிறது. ஆகவே அந்த லைசென்சை வைத்துக்கொண்டு இவற்றை ஓட்ட முடியாது.

250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கி.மீ. வேகமும் உள்ள சின்ன மின்சார வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. டியூஷனுக்கும் கடைக்கும் போய்வர அது போதும்.

18 ஆகாத பையனிடம் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தைக் கேளுங்கள். பிள்ளை குற்றம் செய்தால் பெற்றவரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை ஜெயில். ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது!

"பக்கத்துக் கடைக்குத்தானே போனான்" என்று அப்போது அழுது பயன் இல்லை. லைசென்ஸ் இல்லாத பையன் ஒருவரை மோதி விட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடம் திரும்பக் கேட்கும்.

கடையில் என்ன பார்ப்பது?

பையனை வண்டியில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் பட்டால் அந்த வண்டி வேண்டாம். சிக்னலில் ஒரு பக்கம் பள்ளம் இருந்தாலே சாய்ந்து விடுவான்.

இறங்கி, வண்டியைப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் அது அவனுக்குப் பெரிய வண்டி.

பிரேக், கிளட்ச் இரண்டையும் விரல் எட்டிப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக் கொள்வது அதன் வேலை. 125 சிசி வரை குறைந்தது சி.பி.எஸ். இருக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும்.

"அப்படியானால் ஏ.பி.எஸ். உள்ள பெரிய வண்டிதானே நல்லது?" என்று மகன் மடக்குவான்.

நியாயமான கேள்வி. ஊருக்குள் மட்டும் ஓட்டுவதானால் 100 அல்லது 125 சிசி போதும். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் பஸ், லாரிகளுக்கு நடுவே போக வேண்டியவனுக்கு, ஏ.பி.எஸ். உள்ள 150 சிசி சாதாரண வண்டியைப் பார்க்கலாம். அதுவும் சின்ன வண்டியில் சில மாதம் பழகிய பிறகு. குனிந்து படுத்து ஓட்டும் ரேஸ் வண்டி வேண்டவே வேண்டாம்.

மகளுக்கு ஸ்கூட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கியர் இல்லாததால் பழகுவது சுலபம். ஆனால் ஸ்கூட்டர் சக்கரம் சின்னது. மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் அது மோட்டார் சைக்கிளைவிடச் சீக்கிரம் மாட்டும். மெட்ரோ ரெயிலுக்குத் தோண்டிய ரோட்டில் நிதானம் தேவை.

பழைய வண்டி கேவலம் இல்லை

முதல் வண்டி கீழே விழத்தான் செய்யும். அது பழைய வண்டியாக இருந்தால் மனசு வலிக்காது.

ஆனால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹேண்டில்பாரை விட்டுப் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அது எங்கோ மோதிய வண்டியாக இருக்கலாம். டயர் மொட்டையா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை உடனே மாற்றுங்கள். விற்கிறவருக்கும் இது முக்கியம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே சொல்லி விட்டது.

ஹெல்மெட் தனிச் செலவு அல்ல

ஒரு லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறார்கள். ரோட்டோரத்தில் 200 ரூபாய்க்குத் தொப்பி வாங்குகிறார்கள். அது போலீசுக்குக் காட்டத்தான் உதவும். தலைக்கு உதவாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்பது 2021 ஜூன் முதல் சட்ட விரோதம். நல்ல ஹெல்மெட் போட்டுப் பட்டையையும் மாட்டினால் சாவு அபாயம் 100-க்கு 40 அளவும், தலைக்காயம் 100-க்கு 70 அளவும் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வண்டி விலையில் இரண்டாயிரம் ரூபாயைக் குறைத்தாவது அதை வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும்.

எட்டு போட்டால் போதுமா?

எட்டு போட்டவன் லைசென்ஸ் வாங்கி விடுகிறான். எட்டு என்பது மெதுவாகத் திரும்பத் தெரியுமா என்று பார்க்கும் சோதனை. ஓடும்போது நாய் குறுக்கே வந்தால் நிறுத்தத் தெரியுமா? அதை எட்டு காட்டாது.

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே" என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பது உண்டு. இது தப்பு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்தில் இறங்குகிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்காமல் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி இறுக்க வேண்டும். வளைவிலும் மணலிலும் கூடாது. வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்தில் இதைப் பழகட்டும். முதலில் 20 கி.மீ. வேகம். பிறகு 30, 40.

60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு மாநகர பஸ்சின் நீளத்தைவிட அதிகம்! பையன் பயந்து பிரேக்கைத் தொடுவதற்குள் அவ்வளவு தூரம் போய் விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு ஆகும்.

முதல் மூன்று மாதம் ராத்திரி ஓட்ட வேண்டாம். மழையில் வேண்டாம். சிநேகிதனைப் பின்னால் ஏற்ற வேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் பிரேக்கும் மாறும், புத்தியும் மாறும்!

தம்பிகளே, ரேஸ் ஓட்ட ஆசையா? இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பந்தயப் பாதை இருக்கிறது. கடற்கரைச் சாலை அதற்கு அல்ல. அங்கே கைவண்டி தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் எந்தப் பந்தயத்திலும் சேரவில்லை.

பெற்றோர்களே! மகன் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் உடம்பு கெட்டு விடாது. மூன்றாம் நாள் பசி வந்தால் சாப்பிடுவான். "சின்ன வண்டி. ஒரு வருஷம் விழாமல் ஓட்டிக் காட்டு. அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் நீங்கள். எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டியவரும் நீங்கள்தான்.