கடன் நோட்டும் சிக்கன உபதேசமும்

மாதத்தின் இரண்டாவது வாரம் தொடங்கும்போதே லம்பா லைன் பகுதியின் மளிகைக் கடைகளில் கடன் நோட்டுகள் விரிந்துவிடுகின்றன. போர்ட் பிளேர் நகரின் பெயரை ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. பெயர்ப் பலகைகள் மாறின. நோட்டில் ஏறும் பெயர்கள் மாறவில்லை. சுமை தூக்குவோர், கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், அரசுத் துறைகளில் ஆண்டுக்கணக்கில் தினக்கூலி மஸ்தூராகவே நிற்பவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். நோட்டுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் தமிழர் நிற்பது இங்கே அரிதான காட்சியன்று.

இப்படிப்பட்ட குடும்பத்தைப் பார்த்து 'வீண் செலவைக் குறையுங்கள், சேமியுங்கள்' என்று சொல்வதற்கு ஆள் பஞ்சமில்லை. வங்கி சொல்கிறது, அரசு விளம்பரம் சொல்கிறது, கைப்பேசியில் வரும் 'நிதி ஆலோசகர்' சொல்கிறார். இந்த உபதேசத்தைக் கேட்டவுடன் இடதுசாரி இயக்கத் தோழர்களிடம் எழும் முதல் உணர்ச்சி எரிச்சல். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் எரிச்சலே நிலைபாடாகிவிட முடியாது. உபதேசம் செய்பவரின் உள்நோக்கம் எதுவாயினும், செலவின் கணக்கு உண்மையானது.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, வெற்றிலைப் பாக்குக்கும் புகையிலைக்கும் நாளொன்றுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,800 ரூபாய். ஆண்டுக்கு 21,600 ரூபாய். மதுவின் கணக்கு இதில் சேரவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி அந்தமான் நிக்கோபாரில் வயதுவந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரும் பெண்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். இதைத் 'தனிமனிதப் பழக்கம்' என்று ஒதுக்கிவிட்டு ஊதிய உயர்வைப் பற்றி மட்டும் பேசும் தொழிற்சங்கத்தை, அந்த வீட்டின் பெண் எந்த முகத்தோடு கேட்பாள்? (கட்சி அலுவலகங்களின் பீடிப்புகையும் இந்தக் கணக்கில் வரவேண்டியதே.)

எனினும் கணக்கை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் அது கணக்காகாது. அரிசியும் பருப்பும் வெங்காயமும் சிமெண்டும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கடல் கடந்து இத்தீவுகளுக்கு வருகின்றன. கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறுகிறது. கப்பல் வந்த பிறகும் ஏறிய விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை. சோற்றிலும் குழம்பிலும் சிக்கனம் பிடிக்க ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் நடப்பது பட்டினி.

பள்ளிச் சுவர்களிலும் சேமிப்புத் திட்ட அறிவிப்புகளிலும் வள்ளுவர் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகிறார். வருவாய் சிறுத்திருந்தாலும் செலவு அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்துடைய குறள் எளிய மக்களுக்கான அறிவுரையாகவே ஓதப்படுகிறது. அக்குறள் அமைந்திருப்பது பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில். தன் வலிமையை அறியாமல் செலவிடும் அரசனை நோக்கிய எச்சரிக்கை அது. அரண்மனைக்கு எழுதிய கடிதத்தைக் குடிசையில் கொடுத்துவிட்டுப் போகும் வேலையை இரண்டு தலைமுறைகளாகப் பாடநூல்கள் செய்து வருகின்றன.

மார்க்ஸ் இந்தச் சிக்கலை நேராகவே சந்தித்தவர். கூலி குறித்து 1847இல் எழுதிய குறிப்புகளில் சேமிப்பு வங்கிகளை அவர் தனியே ஆராய்கிறார். தொழிலாளர் போட்ட பணம் வங்கியின் வழியே முதலாளிகளுக்கே கடனாகப் போய்ச் சேருகிறது. சேமிப்பு வைத்திருப்பவர் நடப்பிலுள்ள ஆட்சி நிலைக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறார். சேமிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று வர்க்கத்துக்குள் பிளவு விழுகிறது. பத்தாண்டுகளுக்குப் பிறகு குருண்ட்ரிசே கையெழுத்துப் படிகளில் இன்னொரு முரண்பாட்டைக் காட்டுகிறார். ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் வேலை செய்யும் தொழிலாளி சிக்கனமாக வாழ வேண்டும் என்று விரும்புகிறார். மற்ற முதலாளிகளின் தொழிலாளர்களோ தமது சரக்கை வாங்கும் நுகர்வோராக, தாராளமாகச் செலவிட வேண்டும். இன்று ஒரே கைப்பேசித் திரையில் மேலே சேமிப்புத் திட்டமும் கீழே தவணைக்கடன் விளம்பரமும் ஓடுவதைக் கண்டால் அந்தப் பக்கங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. வீட்டுவசதிப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில் எங்கெல்ஸ் மேலும் ஒரு படி செல்கிறார்: ஒரு தொழிலாளி மட்டும் செலவைக் குறைத்தால் அவருக்கு மிச்சம், எல்லாத் தொழிலாளரும் குறைந்த செலவில் வாழப் பழகிவிட்டால், மற்ற நிலைமைகள் மாறாதவரை, கூலியும் அந்த அளவுக்கு இறங்கும்.

இவ்வளவையும் படித்த தோழர் ஒருவர் 'அப்படியானால் சேமிப்பே வேண்டாமா?' என்று கேட்பது இயல்பு. அதற்கு விடை நூலில் இருப்பதைவிட நெல்லூரில் தெளிவாக இருக்கிறது.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. இரவு வகுப்புகளில் எழுத்துக் கூட்டிப் படித்த உழைக்கும் பெண்கள், சாராயத்தால் குடும்பம் சிதைவதைப் பற்றிய பாடத்தைத் தம் கதையாகவே படித்தார்கள். தூபகுண்டா என்ற சிற்றூரில் பெண்கள் திரண்டு சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. சாராயக் கடை ஏலங்களையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். இடதுசாரி அமைப்புகளும் அறிவியல் இயக்கமும் எழுத்தறிவுத் தொண்டர்களும் துணை நின்றார்கள். 1993இல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் கருவூலத்தைக் காரணம் காட்டி அது தளர்த்தப்பட்டது.

நெல்லூரின் அடுத்த கட்டம் அதிகம் பேசப்படுவதில்லை. சாராயத்துக்குப் போகாமல் வீட்டில் தங்கிய காசை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, நாளுக்கு ஒரு ரூபாய் என்று பெண்கள் சேமிக்கத் தொடங்கினார்கள். 'பொதுப்புலட்சுமி' என்ற பெயரில் அந்தக் குழுக்கள் பல்கின. வீண் செலவை ஒழித்து மிச்சம் பிடிப்பது என்பதற்கு இந்திய உழைக்கும் மக்களின் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம். எந்த வங்கி அதிகாரியின் உபதேசத்தாலும் அந்த ஒரு ரூபாய் பிறக்கவில்லை. முதலில் கடை மூடப்பட்டது. பிறகு காசு மிஞ்சியது. இந்த வரிசையை மாற்றிப் படிப்பவர்களே 'குடியை விடு, பணம் சேரும்' என்று குடிப்பவரிடம் மட்டும் பேசுகிறார்கள். கடையின் உரிமையாளரிடம் பேசுவதில்லை.

அந்த ரூபாயின் பிற்கால வரலாறும் சொல்லப்பட வேண்டும். போராட்டத்தில் பிறந்த குழுக்கள் மெல்ல மெல்ல அரசுத் திட்டங்களின், வங்கிக் கடன் இணைப்புகளின் கிளைகளாயின. அவற்றின் பின்னே தனியார் நுண்நிதி நிறுவனங்கள் நுழைந்தன. சேமிக்கக் கூடிய பெண்கள் கடன் தவணை கட்டக் கூடினார்கள். வசூல் கொடுமையும் தற்கொலைச் செய்திகளும் பெருகி, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. தொழிலாளியின் சேமிப்பு யார் கையில் இருக்கிறது என்ற மார்க்சின் கேள்வி, கிருஷ்ணா, கோதாவரிக் கரைகளில் இப்படி விடை பெற்றது.

இனி கடையின் உரிமையாளர் யார் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2023-24இல் அதன் வழியே கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தமானில் மதுக்கடை நடத்துவது அனிட்கோ என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம். தீவுகளின் அரசு நிறுவனம். மது, எரிபொருள், பால் ஆகியவற்றை விற்று வந்த அதே கழகம்தான், கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் ஆகியவற்றை அமைக்கும் மாபெரும் திட்டத்தின் முன்மொழிவாளர். தொடக்க மதிப்பீடே சுமார் 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காக வழங்கப்படுகிறது. ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் வாழிடத்தின் மீதும், பேராமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடாவின் மீதும் இவ்வளவு பணத்தைக் கொட்டுவது குறித்து எந்த நிதி ஆலோசகரும் 'வீண் செலவு' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

புதிய மதுக்கடை கைப்பேசிக்குள்ளும் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. மாணவருக்கும் மருத்துவமனைக்கும் அது பெரும் வரம், மறுப்பதற்கில்லை. அதே வடத்தின் வழியே ரம்மியும் பந்தயச் செயலிகளும் வந்து இறங்கின. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நாடெங்கும் சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இழப்பதாக ஒன்றிய அரசே மதிப்பிட்டு, 2025 ஆகஸ்டில் அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன் 2023 அக்டோபர் முதல், ஆட்டத்துக்காகக் கட்டிய முழுத் தொகையின் மீதும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதித்ததும் அதே அரசுதான். சூதாடியைத் திட்டுவதற்கு முன் பங்கு வாங்கியவரையும் பட்டியலில் சேர்ப்பது முறை.

இதன் ஒட்டுமொத்த விளைவு ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரத்தில் தெரிகிறது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21இல் உள்நாட்டு உற்பத்தியில் 11.5 விழுக்காடு, 2021-22இல் 7.2, 2022-23இல் 5.1 என்று 2023 செப்டம்பரில் வெளியான முதல் மதிப்பீடு கூறியது. பெருந்தொற்றுக் காலத்தில் செலவிட வழியில்லாமல் சேமிப்பு உயர்ந்திருந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வீழ்ச்சி பெரிது. இதே காலத்தில் குடும்பங்களின் கடன் கூடியது. கோடிக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் திடீரென்று ஊதாரிகளாகிவிட்டன என்று நம்புவதற்குப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தாலொழிய முடியாது.

லம்பா லைனுக்கே திரும்பலாம். அதை ஒட்டிய விமான நிலையத்தில் 2023 ஜூலை 18 அன்று ஏறத்தாழ 710 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் காணொலி வழியே திறந்துவைத்தார். ஒரு வாரத்துக்குள் வெளிப்புறக் கூரைத் தகடுகளில் ஒரு பகுதி காற்றில் பெயர்ந்தது. பணிக்காக அவை தளர்த்தி வைக்கப்பட்டிருந்தன என்று அமைச்சர் விளக்கம் அளித்தார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 3 அன்று, கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு இன்னொரு செய்தியைத் தந்தது. தினக்கூலி மஸ்தூர்களுக்கு உயர்த்தப்பட்ட ஊதியத்தையும் அகவிலைப்படியையும் வழங்க இட்ட ஆணை நிறைவேற்றப்படவில்லை என்பதற்காகத் தலைமைச் செயலாளரை இடைநீக்கம் செய்தும், துணைநிலை ஆளுநர் தம் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தண்டனை சரியா, மிகையா என்பது சட்ட வல்லுநர்களின் வாதம். கூலிக்காக நீதிமன்றப் படியேறிக் காத்திருக்கும் தொழிலாளியிடம், புகையிலையை விட்டால் மாதம் 1,800 ரூபாய் மிஞ்சும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அறமாகுமா?

1,800 ரூபாய் மிஞ்சட்டும். அது எங்கே போகிறது என்பதில்தான் கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. தவணைக்கடன் கழுத்தில் இருக்கும் தொழிலாளி மூன்று நாள் வேலைநிறுத்தத்துக்கே தயங்குகிறார். அவரைக் கோழை என்று சொல்வோர், மாதத்தின் ஐந்தாம் தேதி வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரைப் பார்த்ததில்லை. ஆகவே உறுப்பினர்களின் கடன் விவரத்தைக் கிளைகள் அறிந்திருக்க வேண்டும். சம்பள நாளன்று சிறு தொகையாயினும் வேலைநிறுத்த நிதிக்குத் தனியே சேர வேண்டும்; அதன் கணக்கு மாதந்தோறும் எல்லோர் முன்னும் படிக்கப்பட வேண்டும். மகளின் திருமணத்துக்கு மண்டபமும் நகையும் வட்டிக்கு வாங்கும் தோழரிடம் கிளைச் செயலாளர் கூச்சப்படாமல் பேச வேண்டும். தம் வீட்டுத் திருமணத்தை எளிமையாக நடத்தியவராக இருந்தால் பேச்சு எடுபடும்.

கூட்டுறவுப் பண்டகசாலை பழைய யோசனை என்று சிலர் முகம் சுளிக்கலாம். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் ஒரு சிலரின் முயற்சியில் தொடங்கியது. சென்னையின் பல தலைமுறைகள் அங்கே சரியான எடைக்குச் சரியான விலை கொடுத்தன. எல்லாப் பொருளும் கப்பலில் வந்து இறங்கும் ஒரு தீவில் அந்த யோசனைக்கு இன்னும் கூடுதலான பொருத்தம் உண்டு. பெரிய முதலீட்டோடுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஹாடோ துறைமுகத்தில் மூட்டை இறங்கும் நாளில் வெங்காயம் என்ன விலை, அதே வெங்காயம் லம்பா லைன் கடையில் என்ன விலை என்ற இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிச் சங்க அலுவலக வாசலில் வாரந்தோறும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் ஒரு மாணவத் தோழரும் போதும்.