பிரிவும் நம் பேச்சும்

2024 நவம்பரில் ஏ.ஆர். ரஹ்மானும் சாயிரா பானுவும் பிரிவதாக அறிவிப்பு வந்தது. மறுநாள் மதிய உணவு வேளை முழுவதும், "குற்றம் யார் மேல்?" என்று நாமே தீர்ப்புக் கூறினோம். ஒருத்தி மட்டும் பாதிச் சோற்றோடு எழுந்து போனாள். காரணத்தைப் பிறகு அறிந்தேன். அதை இங்கே எழுதமாட்டேன். அன்று நானும் சிரித்தவளே.

மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தனர். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மீண்டும் இணைந்தனர். பிரிந்ததும் சேர்ந்ததும் அவர்கள் முடிவு. ஊராரின் தீர்ப்பு அன்று.

நம் அருப்புக்கோட்டை நெசவாளர் இழை அறுந்தால் ஊரைக் கூட்டுவதில்லை, மெல்ல முடிச்சிடுவார். முடிச்சிடத் தெரியாத நாம், இழையைப் பிடித்து இழுக்காமலாவது இருப்போம். பிறர் வீட்டுப் பிரிவு நமக்குப் பொழுதுபோக்கன்று என்பதே என் கருத்து.