பாதிக் கட்டணம் தர்மம் இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்கவும்.

நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இங்கிலாந்தில் எட்டு வயதிலேயே பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் விட்டு, அடித்து வளர்த்ததால்தான் ஜார்ஜ் ஆர்வெல் போன்ற மேதைகள் உருவானார்களாம். அனுப்பிய மருமகப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பள்ளியின் பெயர் செயின்ட் சிப்ரியன்ஸ். 1899-இல் வில்க்ஸ் என்பவரும் அவர் மனைவியும் ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் தொடங்கியது. இந்த மாதிரிப் பள்ளிகளை அங்கே 'பிரெப் ஸ்கூல்' என்பார்கள். எட்டு வயதில் சேர்த்து, பதின்மூன்று வயதில் ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்து அனுப்புவது இவற்றின் வேலை. எத்தனை பையன்கள் ஈட்டனில் ஸ்காலர்ஷிப் வாங்கினார்கள் என்பதை வைத்தே பணக்காரப் பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆர்வெல்லின் தகப்பனார் நம் நாட்டில் பிரிட்டிஷ் அரசின் அபினித் துறையில் வேலை பார்த்தவர். பையன் பிறந்ததே பீகாரில், மோதிஹாரியில். 1912-இல் ஓய்வு பெற்ற அவருக்கு ஓய்வூதியம் ஆண்டுக்கு நானூறு பவுண்டுக்குச் சற்று மேல். பள்ளிக் கட்டணமோ ஆண்டுக்கு 180 பவுண்டு. அந்தக் குடும்பத்தால் எப்படிக் கட்ட முடியும்? கெட்டிக்காரப் பையன் என்று பார்த்து, 1911-இல் பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கேட்பதற்குத் தர்மம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் ஸ்காலர்ஷிப் வாங்கினால் பள்ளிக்குப் பெயர், பெயரைப் பார்த்து முழுக் கட்டணப் பிள்ளைகள் வருவார்கள். விதைநெல்லை யாராவது தர்மம் என்பார்களா?

அதோடு விட்டார்களா? நீ எங்கள் தயவில் படிக்கிறாய் என்று அந்தச் சிறுவனிடமே சொல்லிக் காட்டினார்கள் என்று ஆர்வெல் எழுதியிருக்கிறார். படுக்கையை நனைத்ததற்குப் பிரம்படி வாங்கியதையும் எழுதியிருக்கிறார். 'சச், சச் வேர் த ஜாய்ஸ்' என்ற அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு, 1952-இல் அமெரிக்காவில்தான் வெளிவந்தது. மானநஷ்ட வழக்குக்குப் பயந்து பிரிட்டனில் 1968 வரை யாரும் அச்சிடவில்லை.

அவர் மிகைப்படுத்தினார் என்று உடன் படித்த சிலர் மறுத்தது எனக்கும் தெரியும். திருமதி வில்க்ஸை அன்பானவர் என்று நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. கூடப் படித்த சிரில் கானலி முதலில் கடுமையாக எழுதிவிட்டு, பிற்காலத்தில் தணிந்துபோனார். சரி, அடியைப் பற்றிய பேச்சையே தள்ளுபடி செய்துவிடுகிறேன். பாதிக் கட்டணக் கணக்கு மட்டும் மாறுமா?

பாடம் நடத்தியதாவது ஒழுங்காக இருந்ததா? ஹாரோ வரலாற்றுப் பரிசு என்று பிரெப் ஸ்கூல்களுக்கிடையே ஒரு போட்டி. அதற்காகப் போர்களின் பெயரையும் வருஷத்தையும் உருப்போட்டார்கள். எது ஏன் நடந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை என்கிறார் ஆர்வெல். இத்தனைக்கும் அந்தப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியவர் அவர்! தோற்றவன் வயிற்றெரிச்சல் என்று இதை ஒதுக்க முடியாது. பானிபட் வருஷத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தவர்களை நான் ஏன் நிற்க வைத்தேன் என்று என் மாணவர்களுக்கு இப்போது புரியும்.

பள்ளி எதிர்பார்த்தபடியே பையன் ஈட்டனுக்குப் போனான். போன பிறகு படிப்பில் அக்கறையே காட்டவில்லை. பல்கலைக்கழகமும் போகாமல் பர்மாவில் போலீஸ் வேலைக்குப் போனான். 'அனிமல் ஃபார்ம்' வந்தது 1945-இல். இடைப்பட்ட முப்பது வருஷத்தில் அவர் பட்டதும் படித்ததும் கணக்கில் இல்லையா? பெருமை முழுவதும் பிரம்புக்கா?

1939-இல் தீ விபத்தில் பள்ளிக் கட்டடம் எரிந்தது. அதன் பிறகு அந்தப் பள்ளி நிமிரவேயில்லை.

மறுப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். ஒரே நிபந்தனை. ஆர்வெல் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பள்ளியில் அதே மாதிரி உருப்போட்டு, ஸ்காலர்ஷிப் கிடைக்காமல் வீடு திரும்பிய ஒரு பையன் என்ன ஆனான் என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.