லைனிங் நல்லா உழைச்சா மட்டும் போதுமா?

பொட்டி தட்டுறவனுக்கும் லாரிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு. படிச்சது மெக்கானிக்கல் (நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்சுட்டு ஜாவால போய் விழுந்த கும்பல்ல நானும் ஒருத்தன்). ஆணி புடுங்கறது அம்பத்தூர் எஸ்டேட்ல. குடியிருக்கறது ஆவடி. சித்தப்பா பூந்தமல்லில ரெண்டு லாரி வெச்சு ஓட்டறார். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அவரோட செலவு நோட்டை எக்ஸெல்ல ஏத்திக் குடுக்கறது என் பொறுப்பு. ரெண்டு வருஷமா அந்த நோட்டைப் பார்த்ததுல வந்த கருத்துதான் இந்தப் பதிவு. கவிதை, சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும் :-)

லாரி வெச்சிருக்கறவங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேக்கற முதல் கேள்வி, "எவ்வளவு?" ரெண்டாவது கேள்வி, "எத்தனை நாள் உழைக்கும்?" முதல் கேள்வியை நான் குறை சொல்லல. வண்டியோட தவணை கட்டறவங்க அவங்க. எனக்குப் பிரச்சினை ரெண்டாவது கேள்விதான். பார்ட் எத்தனை நாள் உழைக்கும்னு கேக்கறதை விட, அதுக்குப் பக்கத்துல இருக்கறது எத்தனை நாள் உழைக்கும்னு கேக்கணும்.

பிரேக் லைனிங்கை எடுத்துக்குங்க. நம்ம ஊர் லாரில பெரும்பாலும் ட்ரம் பிரேக்தான். சக்கரத்தோட சேர்ந்து சுத்தற இரும்பு ட்ரம், அதுக்குள்ள ரெண்டு ஷூ, ஷூ மேல ரிவெட் அடிச்சு மாட்டின லைனிங். பெடலை மிதிச்சா காத்து அழுத்தத்துல ஷூ விரிஞ்சு லைனிங் ட்ரம்மைத் தேய்க்கும், வண்டி நிக்கும். லைனிங் தேயறதுக்குன்னே பிறந்த ஜென்மம். அது தேஞ்சாதான் ட்ரம் பொழைக்கும்.

இப்ப கடைக்காரர் ஒரு லைனிங்கை எடுத்துப் போட்டு, "சார், இது கல்லு மாதிரி, தேயவே தேயாது"ங்கறார். நம்மாளுக்கு வாயெல்லாம் பல்லு. கல்லு மாதிரி இருந்தா அது எதைத் தேய்க்கும்? ட்ரம்மைத்தான். ட்ரம்ல வரி வரியா கோடு விழும், லேத்துல குடுத்துக் கடையணும். கடையக் கடைய ட்ரம் மெலிஞ்சுக்கிட்டே போகும். அதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டினா தூக்கிப் போட வேண்டியதுதான். லைனிங்ல மிச்சம் பிடிச்ச காசை விட ட்ரம்முக்கு அழற காசு அதிகம். ஆனா சித்தப்பா நோட்டுல லைனிங் ஒரு பக்கம், ட்ரம் ஒரு பக்கம். ரெண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கல. "இந்த லைனிங் நல்லா உழைக்குதுடா"ன்னு அவரும் சொல்லிட்டே இருந்தார்.

ஏர் ஃபில்டர்லயும் இதே கதைதான். மட்டமான ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. ஏன்னா அது தூசியைப் பிடிக்கறதே இல்ல, உள்ள விட்டுடுது! ஓரத்துல இருக்கற ரப்பர் சரியா உட்காரலைன்னாலும் அப்படித்தான். நல்ல ஃபில்டர் மூணு மாசத்துல கருத்துப் போனா, "என்னடா சீக்கிரம் போயிடுச்சு"ன்னு திட்டறோம். தூசி உள்ள போய் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைச்சு, வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கறப்ப ஃபில்டர் ஞாபகம் யாருக்கும் வராது. நம்ம பாஷையில சொன்னா, எர்ரரே காட்டாத ப்ரோக்ராம் நல்ல ப்ரோக்ராம்னு நினைக்கற மாதிரி.

இதுவரைக்கும் சொன்னது காசுக் கணக்கு. "பக்கத்துல இருக்கறது"ன்னு நான் சொன்னதுல டிரைவர் அண்ணனும் அடக்கம். அதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு சின்ன கணக்கு (நாலு வருஷப் படிப்பு இதுக்காவது உதவட்டும்). 2018 ஜூலைல மத்திய அரசு லாரிகளோட அனுமதி எடையைக் கூட்டிச்சு. ரெண்டு ஆக்சில் லாரிக்கு மொத்த எடை 16.2 டன்ல இருந்து 18.5 டன் ஆச்சு. 18.5 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல வந்து சடார்னு நிக்கும்போது, பிரேக்ல பிறக்கற சூடு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரே ஒரு தடவை நிறுத்தறதுக்கு! இதுல ஓவர்லோடு கணக்கே இல்ல. சமவெளில அடுத்த பிரேக்குக்குள்ள கொஞ்சம் ஆறிடும். மலை இறக்கத்துல ஆறாது.

சித்தப்பா வண்டில ஒண்ணு சேலம், ஈரோடு பக்கம் லோடு போகும். பூந்தமல்லில கிளம்பி வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டினா தொப்பூர் கணவாய். தர்மபுரில இருந்து சேலம் பக்கம் இறங்கற ரோடு, லாரி விபத்துக்குப் பேர் போன இடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டு இறங்கறதும் ஒரு காரணம்னு சொல்லிட்டே இருக்காங்க, போர்டும் வைக்கறாங்க. சரிதான். ஆனா லைனிங்கும் ஒரு காரணமா இருக்க முடியும். லைனிங்கோட பிசினும் நாரும் மட்டமா இருந்தா, சூடு ஏற ஏற உராய்வு குறையும். பெடல் மிதிக்குது, காத்து இருக்கு, ஷூ விரியுது, வண்டி மட்டும் நிக்காது. ஆறினதுக்கு அப்புறம் மெக்கானிக் செக் பண்ணினா எல்லாம் சரியா இருக்கும்! டிரைவர் தூங்கிட்டான்னு எழுதி முடிச்சுடுவாங்க.

போன வருஷம் அந்த வண்டி ஓட்டற அண்ணன் சொன்னார், "தம்பி, இந்த தடவை போட்ட லைனிங் இறக்கத்துல வழுக்குது. ரெண்டு தடவை முதலாளி கிட்ட சொல்லிட்டேன்." சித்தப்பா கிட்ட கேட்டேன். "அவன் அப்படித்தான்டா சொல்லுவான், லைனிங் பாரு, பாதி கூட தேயல"ன்னார். பாதி கூட தேயாததுதானே பிரச்சினை! வீல் கழட்டிப் பார்த்தா லைனிங் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குது. மாத்தினோம். சித்தப்பா ஒரு வாரம் என் கிட்ட பேசல. அது வேற விஷயம்.

காசு குடுத்து பார்ட் வாங்கறவர் ஒருத்தர், அதை நம்பி இறக்கத்துல இறங்கறவர் வேற ஒருத்தர். உழைப்பை ஓனர் அளக்கறார், பிடிமானம் டிரைவருக்குத்தான் தெரியுது. அதனால பிரேக், ஸ்டீயரிங், முன் டயர் இந்த மூணுலயும் என்ன வாங்கறதுன்னு முடிவு பண்றதுல டிரைவருக்கு ஒரு ஓட்டு இருக்கணும்னு சொல்றேன். (ரீட்ரேட் டயரைப் பின்னாடி போடுங்க, நானும் வேண்டாம்னு சொல்லல. முன்னாடி போடாதீங்க.)

மெக்கானிக்கையும் விட்டுட முடியாது. பழைய மாதிரி மலிவு லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருப்பாங்க. ட்ரம்மைக் கழட்டினதும் ஏர் ஹோஸை வெச்சு அந்தத் தூசியை ஊதற பையன் அதை அப்படியே சுவாசிக்கறான். நுரையீரலுக்குள்ள போன நார் பல வருஷம் கழிச்சு புத்துநோயா திரும்பி வரலாம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததுன்னு டப்பாவுல போட்டிருக்கான்னு பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

அப்ப எல்லாத்தையும் லாரி கம்பெனி பெட்டியிலயே வாங்கணுமா? இல்லவே இல்ல. இங்கதான் நம்ம ஏரியாக்காரங்க கூட ஏமாந்து போறாங்க. வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962, சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966. எல்லாம் நம்ம பாடியிலயும் அதைச் சுத்தியும் வளர்ந்ததுதான். அம்பத்தூர் எஸ்டேட்ல ரானேயோட பிரேக் லைனிங் ஃபேக்டரி இருக்கு. சுந்தரம் கிளேட்டனா ஆரம்பிச்ச காத்து பிரேக் தொழில், வாப்கோ ஆகி, இப்ப இசட்.எஃப். பேர்ல நடக்குது. இந்த மாதிரி கம்பெனிங்க லாரி தயாரிக்கறவங்களுக்கும் குடுக்கறாங்க, சொந்தப் பேர்ல கடைக்கும் அனுப்பறாங்க. பல நேரம் சரக்கு ஒண்ணுதான், பெட்டிதான் வேற. பெட்டிக்கு எதுக்குக் கூடக் காசு குடுக்கணும்? பார்ட்டை யார் செஞ்சாங்கன்னு கேட்டு, அவங்க பெட்டியில வாங்குங்க.

ஆனா அந்தப் பேர்லயே டூப்ளிகேட்டும் வரும். புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் சுத்தினவங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்ல. ஹோலோகிராம், க்யூஆர் கோடு இருந்தா ஸ்கேன் பண்ணுங்க. காலிப் பெட்டியை முழுசா தூக்கிப் போடாதீங்க, கிழிச்சுப் போடுங்க. நல்ல காலிப் பெட்டிக்கும் ஒரு மார்க்கெட் இருக்கு. பில் வாங்குங்க. பில் இல்லாம எடுத்தா 28 சதவீதம் மிச்சம்னு பேசின காலம் போச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஆட்டோ பார்ட்ஸ் எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்.

மட்கார்டு, பம்பர், சீட்டு கவர், பாடி கொக்கி இதெல்லாம் எங்க வேணா வாங்குங்க, எஸ்டேட் பட்டறையில அடிச்சும் போடுங்க. போனா போனதுதான், கூட யாரையும் இழுத்துட்டுப் போகாது.

இப்ப சித்தப்பாவோட எக்ஸெல்ல ஒரு வேலை பண்ணியிருக்கேன். லைனிங்கையும் ட்ரம்மையும் ஒரே வரியில போட்டாச்சு. எந்த வீல், எந்த கம்பெனி, எத்தனை கிலோமீட்டர், ட்ரம் எத்தனை தடவை கடைஞ்சது. கடைசி காலம் டிரைவருக்கு. ட்ரிப் முடிஞ்சதும் அண்ணன் போன்ல சொல்லுவார், நான் டைப் பண்ணுவேன். போன வாரம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "பிடிக்குது."

நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பதிவர்கள் வீட்டுல லாரி இருந்தா, உங்க வண்டில என்ன லைனிங், ட்ரம் எத்தனை லைனிங்குக்குத் தாங்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனிப் பேரோட சொன்னா இன்னும் நல்லது. நானும் என் எக்ஸெல்லைப் போடறேன்.